வீடு மேலே... காரு எங்கே?

மெட்ரோ ரயில் 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரைக்கும் வந்தாச்சு. 'இனிமே ராயபுரம், திருவொற்றியூர் பக்கமே ஒரு ஃப்ளாட் பார்த்துடலாம்' என்று நீங்களும் கிளம்பியிருக்கலாம். ஹால் எத்தனை அடி, கிச்சனில் லாஃப்ட் உண்டா, பூஜை அறை எந்தத் திசை... எல்லாம் கேட்பீர்கள். 'பார்க்கிங்?' என்றால், 'கவர்டு பார்க்கிங் இருக்கும்மா' என்பார் பில்டர். அதோடு திருப்தியாகிவிடுவீர்கள்.

ஆகாதீர்கள்! தரைக்குக் கீழே பேஸ்மென்ட்டா, தரை மட்டத்தில் தூண்களுக்கு நடுவே ஸ்டில்ட்டா? இது காரைப் பற்றிய கேள்வி மட்டுமில்லை. உங்கள் வீட்டாரின் மூச்சைப் பற்றிய கேள்வியும்கூட.

வாசனையே இல்லாத விஷம்

வண்டிப் புகையில் கார்பன் மோனாக்ஸைடு இருக்கிறது. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் வரும். நாமோ 'பித்தம்' என்று கஷாயம் குடித்துவிட்டுப் படுப்போம்! வெளிக்காற்றுக்கு வந்ததும் தலைவலி விட்டுப்போனால், சந்தேகப்படுங்கள். கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், ரத்தசோகை, இதயநோய் உள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

நாலு பக்கமும் திறந்த ஸ்டில்ட்டில் புகை கலைந்து போய்விடும். பேஸ்மென்ட்டில் அப்படியில்லை. அங்கே காற்றை மணிக்கு 6 முறையாவது மாற்ற வேண்டும் என்பது 2016-ம் வருட தேசியக் கட்டட விதி. கரன்ட் பில்லுக்குப் பயந்து அசோசியேஷன்காரர்கள் ஃபேனை நிறுத்திவிட்டால்? கீழேயே படுத்துத் தூங்கும் வாட்ச்மேனை நினைத்துப் பாருங்கள். மூடிய இடத்தில் ஜெனரேட்டரை ஓட்டுவது அதைவிட ஆபத்து.

கடலோர மண்

வடசென்னையில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் எட்டிப் பார்க்கும். மீஞ்சூர் வட்டாரத்தில் கடல் நீர் நிலத்தடியில் உள்ளே புகுந்தது பல வருடத்துக் கதை. உப்புத் தண்ணீர் சுவரில் கசிந்தால் கம்பி துருப்பிடிக்கும். தேங்கினால் கொசு! பெருமழையும் கடல் ஏற்றமும் சேர்ந்துவிட்டால், பக்கிங்காம் கால்வாய்த் தண்ணீர் சீக்கிரம் வடியாது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது எர்ணாவூர் வீடுகளுக்குள் வெள்ளத்தோடு எண்ணெயும் புகுந்ததே, மறக்க முடியுமா?

2022 செப்டம்பரில் தென்கொரியாவின் போஹாங் நகரில் புயல் மழை. 'காரை மேலே எடுத்துடலாம்' என்று அடுக்குமாடியின் பேஸ்மென்ட்டுக்கு இறங்கியவர்கள் சிக்கிக்கொண்டார்கள். இருவர் பிழைத்தார்கள், ஏழு பேர் இறந்துபோனார்கள். 2025 மே மாதம் பெங்களூருவில் பேஸ்மென்ட் தண்ணீரை மோட்டார் வைத்து இறைக்கப்போய் மின்சாரம் தாக்கி இறந்த இருவரில் ஒருவன் 12 வயதுப் பையன்.

அப்போ ஸ்டில்ட் சொக்கத்தங்கமா?

அதுவும் இல்லை. 2001 ஜனவரி 26 குஜராத் பூகம்பத்தில், கீழே வெறும் தூண்கள் மட்டும் நின்ற அடுக்குமாடிகள் அகமதாபாத்தில் பல சரிந்தன. கீழ்த்தளத்திலும் தேவையான கான்கிரீட் சுவர்கள் உண்டா என்று இன்ஜினீயரிடம் கேளுங்கள். இன்னொன்று, ஸ்டில்ட்தான் குழந்தைகளுக்கு விளையாட்டு மைதானம். ரிவர்ஸ் எடுக்கும்முன் இறங்கி, பின்னால் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்...

* 2015, 2023 வெள்ளங்களில் இந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு நின்றது? பில்டரிடம் வேண்டாம், எதிர்த்த பெட்டிக்கடையில் கேளுங்கள்.

* பேஸ்மென்ட் என்றால், சரிவுப்பாதையின் வாய் ரோட்டைவிட உயரமாக மேடு கட்டியிருக்கிறதா?

* மீட்டர் போர்டு, ஜெனரேட்டர் எல்லாம் வெள்ளம் எட்டாத உயரத்தில் இருக்கிறதா?

* தண்ணீர் இறைக்க இரண்டு பம்ப் உண்டா? கரன்ட் போனாலும் ஓடுமா?

* புகை போக்கும் ஃபேன் ஓடுகிறதா? ஓடவிட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

கடலை ஒட்டிய தாழ்வான தெரு என்றால், என் ஓட்டு ஸ்டில்ட்டுக்குத்தான். ஏற்கெனவே பேஸ்மென்ட் உள்ள வீட்டில் இருக்கிறீர்களா? புயல் எச்சரிக்கை வந்தவுடனேயே காரை மேட்டுப் பகுதியில் நிறுத்திவிடுங்கள். தண்ணீர் உள்ளே வர ஆரம்பித்துவிட்டால், சாவியைக் கையில் எடுக்காதீர்கள். வீட்டுக்காரர் எடுத்தாலும் பிடுங்கி வையுங்கள்.

கார் போனால் இன்ஷூரன்ஸ் இருக்கிறது. மனுஷன் போனால்?