உங்களுக்குத் தெரியுமா? உதிரம் பட்டாலும் ‘முழுகாம’ இருக்கலாம்

● கொங்கு வீடுகளில் ஒரு பெண் கர்ப்பமானால் ‘முழுகாம இருக்கறா’ என்பார்கள். மாதாமாதம் தலைக்கு ஊற்றுவது நின்றுவிட்டது என்று அர்த்தம். அழகான சொல்தான். ஆனால் அதை நம்பியே பலர் ஏமாறுகிறார்கள். லேசாக உதிரம் பட்டதும், ‘இந்த மாசம் இல்லை’ என்று கணக்கை மூடிவிடுகிறார்கள். முதல் 3 மாதங்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு கர்ப்பிணிக்குக் கொஞ்சமாவது உதிரம் படுகிறது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கர்ப்பம் நல்லபடியாகவே தொடர்கிறது.

● கருமுட்டை வெளியான 6 முதல் 12 நாட்களுக்குள் கரு கருப்பைச் சுவரில் பதிகிறது. அந்தச் சமயத்தில் சிலருக்கு ரோஸ் நிறத்திலோ, காபிப் பொடி கரைத்த நிறத்திலோ ஒரு பொட்டு தெரியலாம். சில மணி நேரம், மிஞ்சினால் 2 நாள். நாப்கின் நனையாது.

● மாசியில் கோனியம்மன் தேர், ஊருக்கு ஊர் மாரியம்மன் நோம்பி. நோம்பி சாட்டியதுமே மருந்துக் கடையில் ‘தள்ளிப்போடற மாத்திரை’ கேட்கும் பெண்களை எல்லோரும் பார்த்திருப்போம். இடையில் ஒரு வேளை விட்டாலே உதிரம் படலாம். மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலும் 2, 3 நாட்களில் மாதவிடாய் வந்துவிடும். வராவிட்டால், ‘மாத்திரைச் சூடு’ என்று காத்திருக்காமல் கர்ப்பப் பரிசோதனை செய்யுங்கள். டாக்டரைக் கேட்காமல் இந்த மாத்திரையை வாங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

● பெயர் தெரியாத மாத்திரை இன்னும் மோசம். தமிழ்நாட்டு ஆடைத் தொழிலில் இருக்கும் சுமார் 100 பெண்களிடம் 2019-ல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை பேசியது. மாதவிடாய் வலிக்கு வேலையிடத்திலேயே பெயர், விவரம் எதுவும் இல்லாத மாத்திரைகள் கொடுக்கப்பட்டது அதில் வெளிவந்தது. கையில் தருவது என்ன மாத்திரை என்று கேட்பது உங்கள் உரிமை, அம்மிணி.

● அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் போடும் ‘அந்தரா’ கருத்தடை ஊசிக்குப் பிறகு முதல் சில மாதங்கள் உதிரம் அவ்வப்போது படுவது சகஜம். தைராய்டு, நீர்க்கட்டி, கருப்பை வாயில் புண் என்று வேறு காரணங்களும் உண்டு.

● மார்பு கனப்பது, அசதி, தாளிக்கிற வாசமே ஆகாமல் போவது எல்லாம் மசக்கையின் ஆரம்பமாக இருக்கலாம். ஆனால் மார்பு கனமும் அசதியும் மாதவிடாய்க்கு முன்பும் வரும். உடம்பை வைத்து ஊகிப்பதைவிட, நாள் தள்ளிப்போனதும் காலையில் போகும் முதல் சிறுநீரில் கிட் வைத்துப் பாருங்கள். இரண்டாவது கோடு மங்கலாக விழுந்தாலும் கோடுதான். கோடே இல்லையென்றால் 2, 3 நாள் கழித்து மறுபடி பாருங்கள்.

● பிரசவ தேதியைக் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து 280 நாள் எண்ணிச் சொல்கிறார்கள். லேசாகப் பட்ட உதிரத்தை மாதவிடாய் என்று காலண்டரில் வட்டமிட்டால் கணக்கு ஏறக்குறைய ஒரு மாதம் தவறும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய்க்கும் 12 வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்திருக்க வேண்டும்; கணக்குத் தவறினால் அந்தக் கெடுவும் தவறிவிடும்.

● இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். நாள் தள்ளியிருக்கிறது, லேசாக உதிரம் படுகிறது, அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் குத்துகிறது, தோள்பட்டை நுனி வலிக்கிறது, எழுந்தால் கண் இருட்டுகிறது என்றால், கரு, கருக்குழாயிலேயே தங்கி வெடித்திருக்கலாம். 100 கர்ப்பத்தில் ஒன்று, இரண்டு இப்படிக் குழாயில் தங்கிவிடுகிறது. வெளியே தெரிவது ஒரு துளிதான், உள்ளே ரத்தம் கொட்டிக்கொண்டிருக்கும். சுக்குக் கஷாயம் வைத்துப் பார்க்க நேரமில்லை, 108-ஐக் கூப்பிடுங்கள். ஒரு மணி நேரத்தில் இரண்டு நாப்கின் நனைந்தாலும் அப்படியே.

● ரத்த வகை நெகட்டிவ் என்றால், கர்ப்பத்தில் உதிரம் பட்டதும் டாக்டரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். ‘ஆன்டி-டி’ ஊசி தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். ரத்த வகை எழுதிய சீட்டு இன்றைக்கே உங்கள் கைப்பைக்குள் போகட்டும்.