நெஞ்சு வைத்தியத்துக்கு முன் இரத்த அளவைக் கேளுங்கள்

"நாலு மரம் வெட்டினாலே மூச்சு வாங்குது. வயசாயிடுச்சில்ல, அப்படித்தான் இருக்கும்!" இப்படிச் சொல்லிச் சொல்லியே நம்மவர் பலர் இரத்த சோகையோடு நாளை ஓட்டுகிறார்கள். நெஞ்சு வலி வந்து, இருதயக் குழாயில் அடைப்பு என்று டாக்டர் சொன்ன பிறகே சோகையும் தெரிய வருகிறது.

தோழர்களே, இரண்டும் சேர்ந்தால் ஆபத்து அதிகம். பால் லோரியை நினைத்துப் பாருங்கள். அடைப்பு என்றால் ரோடு குறுகிவிட்டது. சோகை என்றால் லோரிகளே குறைவு. பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபின்தான் அந்த லோரி. 1977இல் சூரிச் நகரில் டாக்டர் குருன்ட்சிக் தொடங்கிய பலூன் சிகிச்சை ரோட்டை அகலமாக்கும், லோரியைக் கூட்டாது.

நூறு மில்லிலிட்டர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் ஆண்களுக்கு 13 கிராமுக்கும், கர்ப்பமில்லாத பெண்களுக்கு 12 கிராமுக்கும் குறைந்தால் சோகை. சோகையோடு பலூன் சிகிச்சையோ பைபாஸ் ஆபரேஷனோ செய்துகொண்டவர்களிடம் இரத்தக் கசிவும் மரணமும் அதிகம் என்று பல ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. பைபாஸ் என்றால் வெளி இரத்தம் ஏற்றும் தேவையும் கூடும், சிறுநீரகமும் பாதிக்கப்படலாம்.

ஸ்டென்ட் வைத்த பின் இரத்தம் உறையாதிருக்க ஆஸ்பிரினும் இன்னொரு மாத்திரையும் மாதக் கணக்கில் தருவார்கள். முதுகு வலிக்குக் கடையில் வாங்கிப் போட்ட மாத்திரையால் வயிற்றில் ஏற்கெனவே புண் இருந்தால் அங்கே இரத்தம் கசியும். மலம் தார் போலக் கறுத்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். (இரும்புச் சத்து மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும். அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.) பயந்துபோய் மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது, ஸ்டென்டில் இரத்தம் உறைந்து மாரடைப்பே வரலாம்.

ஆகவே சிகிச்சைக்குத் தேதி கொடுக்கும்போதே, "டாக்டர், என் இரத்த அளவு என்ன? ஏன் குறைஞ்சிருக்கு?" என்று கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம். மூலம், வயிற்றுப் புண், மாதவிடாய், சிறுநீரகக் கோளாறு என்று காரணம் பல. தலசீமியா பரம்பரையாக வருவது. அதற்கு இரும்பு மாத்திரை மருந்தல்ல, அளவு மீறினால் கெடுதலும் செய்யும். ஆகையால் காரணம் தெரியாமல் நீங்களே வாங்கி விழுங்காதீர்கள்.

மாரடைப்பே வந்துவிட்டால் கதை வேறு. அப்போது சோகையைச் சரிசெய்யக் காத்திருக்க நேரமில்லை, உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

சோறு தின்ற கையோடு தே குடிக்கிறோமே, அது உணவிலுள்ள இரும்பை உடம்பில் சேரவிடாது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். கஷ்டம்தான், தெரியும்.