பெயர் என்ன வைப்பது?

பண்ணைப்புரம் என்ற சிற்றூரில் பிறந்தவர், இளையராஜா. சிறு வயதிலேயே அண்ணன் பாவலர் வரதராசனுடன் ஊர் ஊராகச் சென்று ஆர்மோனியம் வாசித்தார். 1976-ல் வந்த "அன்னக்கிளி" படத்தில், கிராமத்து மெட்டுகளை நாடே முணுமுணுக்கச் செய்தார்.

கையில் படங்கள் குவிந்திருந்த நேரம். 1986-ல் தனி இசைத்தட்டு ஒன்றை வெளியிட்டார். அதில் கதை இல்லை. நடிகர் இல்லை. வயலின்தான் கதாநாயகன்! வாசித்தவர், வி.எஸ்.நரசிம்மன்.

வீட்டுக்கு வந்த மேதை

தியாகராஜர் பிறந்தது 1767-ல். ஜெர்மனி நாட்டு இசை மேதை பாக், அதற்கு 17 ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்டார். சந்திக்காத இந்த இருவருக்கும் அந்தத் தட்டைக் காணிக்கை ஆக்கினார், இளையராஜா. அதில் ஒரு பகுதிக்குப் பெயர், "என் வீட்டில் பாக்கைச் சந்தித்தேன்!"

இது கர்நாடக இசையா? மேல்நாட்டு இசையா?

தட்டின் பெயரே கேள்விதான்: "ஹவ் டு நேம் இட்?" அதாவது, "இதற்கு எப்படிப் பெயர் வைப்பது?"

பெயர் கிடைக்காவிட்டால் என்ன? காதுக்கு இனிக்கிறதே!