சென்னையில் ரூம் போடுவதற்கு முன்

வெள்ளிக்கிழமை இரவு மதுரையிலோ திருநெல்வேலியிலோ பஸ் ஏறினால் சனிக்கிழமை விடிவதற்குள் கிளாம்பாக்கம். 2023 டிசம்பர் 30 அன்று திறந்த அந்தப் பேருந்து நிலையத்திலிருந்து எழும்பூருக்கு இன்னும் சுமார் 30 கிலோமீட்டர் போக வேண்டும். தி.நகரில் கல்யாண ஜவுளி, கிரீம்ஸ் ரோட்டில் டாக்டர், சேப்பாக்கத்தில் மேட்ச், எங்கோ ஒரு தேர்வு மையம் என்று வந்த வேலை எதுவானாலும் கையில் இருப்பது ஒன்றரை நாள்தான். ஆனால் தங்கும் இடத்தைப் பெரும்பாலோர் வாடகையை மட்டும் பார்த்து முடிவு செய்கிறார்கள். 300 ரூபாய் குறைகிறதே என்று புறநகரில் ரூம் போட்டால், சனிக்கிழமை மாலை நெரிசலில் அந்த 300 ரூபாய் ஆட்டோக்காரரிடம் போய்விடும். வேலை நடக்கும் இடத்துக்கோ மெட்ரோ நிலையத்துக்கோ நடந்து போகிற தூரத்தில் ரூம் கிடைத்தால் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பதில் தவறில்லை.

அடுத்த சிக்கல் நேரம். காலை ஐந்து மணிக்குக் குளிக்க, உடை மாற்ற இடம் வேண்டும். ஆப்பில் சனிக்கிழமைக்கு ரூம் போட்டவரிடம் ரிசப்ஷனில், “செக்-இன் பன்னிரண்டு மணிக்குத்தான் சார். இப்போதே வேண்டுமென்றால் அரை நாள் வாடகை சேரும்” என்பார்கள். இது ஏமாற்று இல்லை; பதிவில் அந்த நேரம் எழுதியிருந்தால் அது ஒப்பந்தம். எழும்பூர், பெரியமேடு, திருவல்லிக்கேணிப் பக்கத்துப் பழைய லாட்ஜுகள் பலவற்றில் 24 மணி நேரக் கணக்கு உண்டு. சாவி வாங்கிய நேரத்திலிருந்து ஒரு நாள். இரவுப் பயணிக்கு அதுவே லாபம். ரயிலில் வருகிறவர்கள் உறுதியான அல்லது ஆர்ஏசி டிக்கெட்டின் பிஎன்ஆர் எண்ணை வைத்து ரயில்வே ஓய்வறையையும் பதிவு செய்து பார்க்கலாம்.

ரூம் போடும்போதே பணம் பறிபோகும் வழி ஒன்று இப்போது பெருகியிருக்கிறது. தேடுபொறியில் விடுதியின் பெயரைத் தட்டினால் வரும் எண் விடுதியுடையதாக இல்லாமல் இருக்கலாம். பேசுகிறவர் மரியாதையாகப் பேசுவார், அறைப் படங்கள் அனுப்புவார், அட்வான்ஸுக்கு க்யூஆர் கோடும் வரும். பணம் தனிநபர் பெயரில் உள்ள கணக்குக்குப் போகிறது என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். இத்தகைய போலி விடுதிப் பதிவுகள் பற்றி 2025 ஏப்ரலில் மத்திய உள்துறையின் சைபர் குற்றத் தடுப்பு மையமே எச்சரித்தது. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணை அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்கினால்தான் மீட்க முடியும்.

ஆப்பில் நடப்பது வேறு வகை. முதலில் 999 என்று காட்டிக் கடைசித் திரையில் 1,340 என்று முடிப்பது, கேட்காத காப்பீட்டைத் தானாகச் சேர்ப்பது, இல்லாத நெருக்கடியைக் கிளப்பி ‘கடைசி ஒரே அறை’ என்று அவசரப்படுத்துவது எல்லாமே 2023 நவம்பர் 30 அன்று வந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு வழிகாட்டுதல்களில் தடை செய்யப்பட்டவை. அந்தத் திரையை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ரத்துக் கட்டணத்திலும் விதி உண்டு. தன் பக்கம் ரத்து செய்தால் தான் எதுவும் தராத நிறுவனம், நீங்கள் ரத்து செய்தால் மட்டும் பிடித்தம் செய்யக் கூடாது என்கின்றன 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள்.

ஐபிஎல் நாளில் சேப்பாக்கம் சுற்றுவட்டாரத்தில் வாடகை எகிறினால் சட்டம் ஒன்றும் செய்யாது. தனியார் விடுதி வாடகைக்கு உச்சவரம்பு கிடையாது. ஆனால் உறுதி செய்த பதிவோடு வந்து நிற்பவரிடம் “அந்த ரேட்டுக்குக் கட்டாது, இன்னும் 800 கொடுங்க” என்பது சேவைக் குறைபாடு. ரிசப்ஷனில் சத்தம் போடுவதால் பலன் இல்லை. மறுப்பதை வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ எழுத்தில் வாங்குங்கள். அதற்கும் மறுத்தால், நீங்களே அங்கிருந்தபடி ஆப்பின் புகார்ப் பகுதியில் நேரத்தோடு பதியுங்கள். குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். வேறு இடத்தில் தங்கிய பில்லையும் பத்திரப்படுத்துங்கள்; நஷ்டத்தின் அளவைக் காட்டுவது அதுதான்.

என் கணக்கில் ஒரு லாட்ஜின் தரத்தைச் சொல்வது படுக்கை விரிப்பு அல்ல, பில். “பில் வேண்டாம்னா டேக்ஸ் இல்லாம போட்டுத் தர்றேன்” என்ற சலுகை உங்களுக்கானது அல்ல. பில் இல்லாத வாடிக்கையாளர் அங்கே தங்கியதற்கே ஆதாரம் தேடி அலைய வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் நாள் வாடகை 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். 1,500 ரூபாய் அறைக்கு வரி 75 ரூபாய்தான். பழைய 12 சதவீதத்தைப் போட்டிருந்தாலோ, ஜிஎஸ்டி எண் அச்சிடாமல் வரி வாங்கினாலோ கேளுங்கள். சாப்பாட்டு பில்லில் சர்வீஸ் சார்ஜ் தானாக ஏறியிருந்தால் நீக்கச் சொல்லலாம். அப்படிச் சேர்க்கக் கூடாதென்ற உத்தரவை 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. தண்ணீர் பாட்டிலுக்கு மட்டும் வாதாட வேண்டாம். ஹோட்டலில் பரிமாறும் பாட்டிலுக்கு எம்ஆர்பி-க்கு மேல் வாங்கலாம் என்று 2017-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அடையாள அட்டை கேட்பது விடுதியின் கடமை. அது ஆதாராகவே இருக்க வேண்டியதில்லை. ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை, பாஸ்போர்ட் போதும். ஆதார்தான் இருக்கிறதென்றால் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைக் கொடுங்கள். நகலின் குறுக்கே தேதியையும் விடுதியின் பெயரையும் எழுதிவிடுங்கள். இலங்கை, மலேசிய உறவினருக்கு ரூம் போடுவதானால் முன்பே சொல்லிவிடுவது நல்லது. வெளிநாட்டவர் தங்கினால் விடுதி அதை 24 மணி நேரத்துக்குள் அரசிடம் பதிய வேண்டும். அதற்குச் சோம்பி நள்ளிரவில் “ரூம் இல்லை” என்று கைவிரிக்கும் லாட்ஜுகள் உண்டு.

கல்யாணம் ஆகாத இருவர் ஒரே அறையில் தங்குவது குற்றமா என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. கோவையில் ஒரு விடுதிக்கு சீல் வைத்த வழக்கில், 18 வயது நிறைந்த ஆணும் பெண்ணும் அறையெடுத்துத் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று 2019 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது.

இதுவரை சொன்னதெல்லாம் பணத்தையும் உரிமையையும் பற்றி; இனி உயிரைப் பற்றி. 2025 ஏப்ரல் 29 இரவு கொல்கத்தாவின் புர்ராபஜார் பகுதியில் ஒரு ஹோட்டல் தீப்பிடித்துக் குறைந்தது 14 பேர் இறந்தார்கள். கரூரிலிருந்து சுற்றுலா போன குடும்பத்தின் தாத்தாவும் இரண்டு பேரக் குழந்தைகளும் அதில் அடக்கம். பெரும்பாலோரைக் கொன்றது நெருப்பு அல்ல, புகை. தீயணைப்புத் துறைச் சான்று காலாவதியாகி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்ததை அதிகாரிகள் பிறகுதான் சொன்னார்கள். 2019 பிப்ரவரியில் டெல்லி கரோல்பாக் ஹோட்டல் தீயில் 17 பேர். நெருக்கடியான கடைத்தெருவில், ஒரே படிக்கட்டோடு, ஏ.சி.க்காக ஜன்னலை அடைத்த கட்டடங்கள் நம் ஊரிலும் இல்லாமல் இல்லை. பெட்டியைக் கீழே வைக்கும் முன் வராந்தாவில் ஒரு நடை நடந்து, இரண்டாவது படிக்கட்டு இருக்கிறதா, அதன் கதவு பூட்டியிருக்கிறதா, அதில் மெத்தையும் அட்டைப் பெட்டியும் அடுக்கியிருக்கிறதா என்று பாருங்கள். திறக்கக்கூடிய ஜன்னல் இல்லாத அறையைக் குழந்தைகளோடு வருகிறவர்கள் மாற்றிக் கேட்பதே சரி. குறைந்த மாடி கேட்கக் கூச்சப்பட வேண்டாம். புகை வந்தால் லிஃப்ட்டைத் தொடாதீர்கள். வெளியேற முடியாவிட்டால் ஈரத் துணியால் கதவிடுக்கை அடைத்து 101-ஐ அழையுங்கள்.

மறைகேமரா பயம் மிகைதான் என்றாலும், விளக்கை அணைத்து, கட்டிலையும் குளியலறையையும் பார்த்தபடி இருக்கும் கடிகாரம், ப்ளக் பாயின்ட், புகை உணர்கருவி ஆகியவற்றின் மேல் போன் டார்ச்சை அடித்துப் பார்க்க இரண்டு நிமிடம்கூட ஆகாது. லென்ஸ் இருந்தால் மின்னும். கண்டால் கழற்றாதீர்கள், படம் எடுத்து 112-ஐ அழையுங்கள். பெண்ணைத் திருட்டுத்தனமாகப் படம் பிடிப்பது பாரதிய நியாய சன்ஹிதா 77-ஆம் பிரிவின்படி முதல் முறையே ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம். எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். எல்லை எங்களுடையதல்ல என்று திருப்பி அனுப்ப முடியாது.

‘பொருட்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’ என்ற பலகை எல்லா லாட்ஜிலும் தொங்கும். அது முழு உண்மை அல்ல. டெல்லி ஐந்து நட்சத்திர ஹோட்டல் ஒன்றில் 1998-ல் ஊழியரிடம் சாவி கொடுத்து நிறுத்திய கார் திருடு போன வழக்கில், டோக்கன் சீட்டில் அச்சிட்ட வாசகத்தைக் காட்டி ஹோட்டல் தப்ப முடியாது என்று 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால் ரிசப்ஷனில் எதை ஒப்படைத்தாலும் சீட்டு வாங்குங்கள். அறையிலேயே விட்டுப்போன நகைக்கு வழக்கை நிரூபிப்பது கடினம்.

ஊர் திரும்பிய பிறகும் நேரம் இருக்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். சிறு தொகைகள் பல அங்கேயே சமரசமாகி முடிந்துவிடும். முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி சென்னைக்கு மறுபடி வர வேண்டியதில்லை. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, இ-ஜாக்ரிதி தளம் வழியாகவும்கூட, இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். வக்கீல் கட்டாயமில்லை. நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமும் இல்லை.