விலையில்லாப் பண்டமும் விலைபோகும் நாமும்

'இனாம்' என்ற சொல் காதிலே விழுந்ததும், நம்மவர்களிலே பலருக்கு இரண்டிலொரு நோய் பிடித்துக் கொள்கிறது. ஒன்று, சந்தேகம், மற்றொன்று, மயக்கம். இதிலே வேடிக்கை என்னவெனில், சந்தேகப்படவேண்டிய இடத்திலே மயங்குகிறார்கள். மகிழவேண்டிய இடத்திலே சந்தேகப்படுகிறார்கள்!

கணினியிலே லினக்ஸ் போட்டுக்கொள்ளலாமே என்று ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். "காசில்லாமலா தருகிறார்கள்? அப்படியானால் கோளாறு இருக்கும். சும்மா கிடைப்பது சுமாராகத்தான் இருக்கும்!" என்பார். சொல்லி முடித்ததும் பையிலிருந்து அலைபேசியை எடுப்பார்; யூடியூபைத் திறப்பார்; இரண்டு மணி நேரம் படம் பார்ப்பார். அங்கே மட்டும், "இது ஏன் சும்மா கிடைக்கிறது? இதற்குச் செலவு செய்பவன் யார்?" என்று கேட்கமாட்டார். கேட்கவேண்டாமா? நாம் கேட்கிறோம்.

2005-ல் தொடங்கப்பட்ட யூடியூபை, மறு ஆண்டே கூகிள் நிறுவனம் 165 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளைக் கொடுத்து வாங்கிற்று. ஊராருக்கு ஓசியில் படம் காட்டவேண்டும் என்ற தரும சிந்தையாலா? அல்ல, அல்ல! கொட்டகை வாசலிலே நம்மிடம் டிக்கெட் கேட்பதில்லை, உண்மை. ஆனால் கொட்டகைக்குள்ளே உட்கார்ந்திருக்கும் நம்மைக் காட்டி, விளம்பரக்காரரிடம் பணம் பெறப்படுகிறது. நாம் எதைத் தேடுகிறோம், எதைக் கண்டு நிற்கிறோம் என்பதெல்லாம் கணக்கிலே ஏறுகிறது. பண்டத்துக்கு விலையில்லை, விலைபோவது நாம்!

அதனால் பயனே இல்லை என்று கூறுவோமா? கூறமாட்டோம். தனிப்பயிற்சிக்குப் பணமில்லாத வீட்டுப் பிள்ளை, கணக்குப் பாடத்தை அதிலே கற்கிறான், மகிழ்கிறோம். மகிழ்ச்சி வேறு, மயக்கம் வேறு என்பதே நமது வாதம்.

இனி, மற்றோர் இனாமைப் பார்ப்போம். 1983-ல் அமெரிக்காவிலே ரிச்சர்ட் ஸ்டால்மன், எவருக்கும் பூட்டப்படாத மென்பொருளைப் படைப்போம் என்று அறிவித்தார். 1991-ல் பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், வயது 21, லினக்ஸின் கருவைத் தந்தார். எவரும் இயக்கலாம், எவரும் பிரித்துப் படிக்கலாம், எவரும் திருத்தலாம், எவரும் பிறர்க்குத் தரலாம்! காசு இல்லை என்பதல்ல இங்கே சிறப்பு. கதவு திறந்திருக்கிறது என்பதே சிறப்பு.

"பேச்சு சரி, பயன்?" என்பர். இதோ, வீட்டுக்கு வீடு இருக்கும் சான்று: செம்மஞ்சளும் வெள்ளையுமான சாலைக்கூம்பைச் சின்னமாகக் கொண்ட வி.எல்.சி.! பாரிசு நகர மாணவர்கள் 1996-ல் தொடங்கிய பணியிலே பிறந்தது. 2001-ல் திறந்த உரிமத்தோடு உலகுக்குத் தரப்பட்டது. 2025-ன் தொடக்கத்திலே, இதுவரை 600 கோடி முறை பதிவிறக்கப்பட்டதாக அறிவித்தனர். விளம்பரம் உண்டா? இல்லை. 2022-ல் இந்தியாவிலே அதன் இணையதளம் பல மாதங்கள் முடக்கப்பட்டது. சட்ட அறிவிப்பு அனுப்பப்பட்டபின், நவம்பரில் தடை நீங்கிற்று. தளத்தை மூடினர், மென்பொருளை மூட முடிந்ததா? முடியவில்லை. அது ஓர் ஆளிடம் பூட்டிக் கிடக்கும் பெட்டியல்லவே!

லினக்ஸிலே குறையே இல்லையா? உண்டு. கடைக்காரர் பழகிய கணக்கு மென்பொருள் அதிலே ஓடாமல் போகலாம். அச்சு இயந்திரம் அடம் பிடிக்கலாம். செருமனியின் மியூனிக் நகராட்சி 2003-ல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்து, ஏறத்தாழ 15,000 கணினிகளை மாற்றி, 2017-ல் விண்டோஸுக்கே திரும்பத் தீர்மானித்தது. மறைக்கவில்லை நாம். ஆனால் அதே செருமனியில், சிலெசுவிக்-ஓல்சுடைன் மாநிலம் 2024-ல் 30,000 அலுவலகக் கணினிகளைத் திறந்த மென்பொருளுக்கு மாற்ற முடிவெடுத்ததையும் சேர்த்தே கூறுங்கள்!

ஏன் இன்று இதைப் பேசுகிறோம்? 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. தவணை நீட்டிப்பு உண்டு, தவணை தவணைதானே! அடுத்த பதிப்போ, பழைய கணினிகள் பலவற்றை ஏற்க மறுக்கிறது. திரை எரிகிறது, விசை ஓடுகிறது, வட்டு சுழல்கிறது. ஆயினும் "கிழடு" என்று முத்திரை! கடன் வாங்கிக் கணினி வாங்கிய தட்டச்சு நிலையக்காரர் என் செய்வார்? நூறு ரூபாய்க்கும் கணக்குப் பார்க்கும் சிறு பள்ளி என் செய்யும்? அவற்றிலே பலவற்றுக்கு லினக்ஸ் மறுவாழ்வு தரும். தூக்கி எறியுமுன், ஒருமுறை சோதித்துப் பாருங்கள் என்கிறோம். வட்டிலே கை வைக்காமலே, ஒரு யூ.எஸ்.பி. துண்டிலிருந்து ஓட்டிப் பார்க்க முடியும்.

இனாம் எதுவாயினும் ஏற்குமுன் ஒரு கேள்வி கேட்போம்: சாவி யாரிடம்? சாவி நம்மிடம் என்றால், அச்சம் வேண்டாம். சாவி அவரிடம் என்றால், அனுபவிப்போம். ஆனால் அயர்ந்து தூங்கிவிட வேண்டாம்!