ஏரியில் இறங்கும் விமானம்

கனடாவின் வட பகுதியில் சாலை எட்டாத ஏரிகள் அநேகம். அவற்றை அடைய மிதவை விமானமே வாகனம். 1947-இல் முதன்முதலாகப் பறந்த ‘பீவர்’ விமானம் இன்றும் அங்குப் பணிபுரிகின்றது.

இத்தகைய ஏரிகளில் காற்றின் போக்கை அறிவிக்கப் பெரும்பாலும் எவரும் இலர். விமானி அலைகளை நோக்கியே அதனை உணர்தல் வேண்டும். குன்றுகளைக் கடந்து வரும் காற்றோ சுழன்று கீழ்நோக்கிப் பாயும். இறங்குந் தறுவாயில் எதிர்க்காற்று திடீரெனத் தணிந்தால் இறக்கைகளின் தூக்கு விசை குறைகின்றது. பக்கக்காற்று ஓர் இறக்கையை உயர்த்தினால் மறுபுறத்து மிதவை நீரில் அழுந்துகின்றது. விமானம் கவிழ்ந்துவிடக் கூடும்.

மோதலில் பிழைத்தோரும், தலைகீழான அறையினுள் கதவைக் காணாது மூழ்கி இறப்பதுண்டு. ஆதலின் வாணிப மிதவை விமானங்களில் பிரயாணிகள் உயிர்காப்பு அங்கியை அணிந்திருத்தல் வேண்டுமெனக் கனடா அரசாங்கம் 2019-இல் விதித்தது. ஆயினும் விமானத்தினுள் அதனை ஊதலாகாது. ஊதிய அங்கி மேலே உந்தி, வெளியேற விடாது தடுக்கும். வெளியேறிய பின்னரே ஊதுக.