விரல் நுனியில் ஒரு கிளிப்

ஆபரேஷன் முடிந்ததும் சொந்தக்காரர்கள் கையெடுத்துக் கும்பிடுவது சர்ஜனைத்தான். மயக்க மருந்து கொடுத்த என் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. வருத்தமில்லை. என் காது முழுக்க, நோயாளியின் விரலில் மாட்டிய கிளிப் எழுப்பும் 'பீப்' ஒலியில்தான் இருக்கும். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் அதன் சுருதி இறங்கும். திரையைப் பார்க்கும் முன்பே என் கை மூச்சுக் கொடுக்கும் பலூனுக்குப் போய்விடும்.

முன்பெல்லாம் உதடு நீலம் பாரிக்கிறதா என்று பார்ப்பார்கள். அது கண்ணில் படுவதற்குள் ஆக்சிஜன் வெகுவாக இறங்கியிருக்கும்.

இதை மாற்றியவர் டாக்டரல்ல. டோக்கியோவில், நிஹான் கோடன் கம்பெனியின் எஞ்சினியர் டகுவோ அயோயாகி. ரத்தத்தில் சாயம் செலுத்தி, காதில் ஒளி பாய்ச்சி, இதயம் தள்ளும் ரத்தத்தை அளக்க முயன்றார். நாடித்துடிப்பு குறுக்கே வந்து கணக்கைக் கெடுத்தது. அந்தத் தொல்லையையே அவர் பிடித்துக்கொண்டார். துடிப்பது தமனி ரத்தம்தானே! சிவப்பு, அகச்சிவப்பு என இரண்டு ஒளியில் அந்தத் துடிப்பை ஒப்பிட்டால் ஆக்சிஜன் அளவு தெரிந்துவிடும். 1974-இல் இதை அறிவித்தார்.

கொரோனாவில் வீட்டுக்கு வீடு அந்தக் கிளிப் வந்த 2020-இல், ஏப்ரல் மாதம், 84 வயதில் அவர் காலமானார். அதே ஆண்டு வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, கருவி கவனிக்காமல் விட்ட ஆக்சிஜன் குறைவு வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு என்றது. நம் தோலின் நிறம் தெரிந்ததுதானே, இங்கும் அது தவறவிடலாம்! சந்தேகம் வந்தால் நான் தமனி ரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிடுவேன்.